தண்ணீர் குடித்த தொட்டி

சாக்கு காய்ந்தால் அவருக்குத் தொண்டை வறண்டுவிடும். அவர் மனைவி சொல்லித்தான் இது மற்றவர்களுக்குத் தெரியவந்தது. தன்னைப் பற்றித் தானாக வாய் திறக்கிற ஆள் இல்லை அவர். வேலையிடத்தில் அவருக்குத் தவளை என்று பெயர். முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்ட கால்சட்டை, ஊறி வெளுத்த பாதங்கள், கொஞ்சம் முன்னால் தள்ளிய கண்கள் எல்லாமே அந்தப் பெயருக்குத் தோதாக அமைந்துவிட்டன. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நகர்ந்து வழிவிடுவார்.

புதிதாக வார்த்த கான்கிரீட்டுக்குத் தண்ணீர் காட்டுவது அவர் வேலை. பலகை பிரித்த சுவரில் சாக்கைத் தொங்கவிட்டு அது உலராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தரையில் மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீரைத் தேக்க வேண்டும். கான்கிரீட் காய்ந்து இறுகுகிறது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது குடித்து இறுகுகிறது. ஆரம்ப நாட்களில் தாகத்தோடு விட்டுவிட்டால், பிற்பாடு கடலையே கொண்டுவந்து கவிழ்த்தாலும் பயனில்லை. மயிரிழை மயிரிழையாக வெடிக்கும், விரலால் தேய்த்தால் மாவாக உதிரும்.

"பச்சப் புள்ளைக்குப் பால் மாதிரி" என்பார் அவர்.

"பெத்து வளத்தவரு சொல்றாரு, கேட்டுக்கங்க" என்பாள் மனைவி.

அவர்களுக்குக் குழந்தை தங்கவில்லை. அதைப் பற்றி அவள் ஒரே ஒரு வாக்கியம் வைத்திருந்தாள். "நமக்குச் சுவரே தங்கல, புள்ள எங்க தங்கும்?" சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விடுவாள்.

அவர் தண்ணீர்க்காரராகப் பிறக்கவில்லை. வாலிபத்தில் கலவைச் சட்டி சுமந்தவர்தான். சாரத்தின் கயிறு ஒருநாள் அறுந்தது. கூட இருந்தவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான், இவர் காற்றைப் பிடித்தார். தோள் எலும்பு கோணலாகக் கூடியது. வலது கை மார்புக்கு மேலே எழவில்லை. அனுப்பிவிடவும் மனமில்லாமல், வைத்துக்கொள்ளவும் வழியில்லாமல் இருந்த மேஸ்திரி, ரப்பர் குழாயின் நுனியை எடுத்து அவர் இடது கையில் கொடுத்தார். அந்தக் குழாயை இன்றுவரை அவர் கீழே வைக்கவில்லை.

ஒரு கட்டிடத்தில் பூச்சு பூசினவன் வேலை கண்ணுக்குத் தெரியும். ஓடு பதித்தவன் வேலையைக் கால் சொல்லும். தண்ணீர் ஊற்றினவன் வேலை மட்டும் ஆவியாகப் போய்விடும். கொத்தனார்களுக்கு அவர் ஒரு பொழுதுபோக்கு. "எங்கப்பாவும் எனக்குத் தண்ணி தெளிச்சுத்தான் விட்டாரு. நான் உருப்படல. தவளை அண்ணனக் கூப்பிட்டுத் தெளிக்கச் சொல்லியிருந்தா இந்நேரம் கெட்டியாயிருப்பேன்" என்பான் ஒருத்தன். அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துக்கொண்டே அவன் காலடியில் இருக்கும் தரையை நனைத்துவிட்டுப் போவார்.

இத்தனை காலமும் புருஷனும் பெண்சாதியும் குடியிருந்தது தகரக் கொட்டகையில். எந்த இடத்தில் வேலையோ அந்த இடத்து மூலையில் நாலு கம்பு, மேலே தகரம், பக்கத்தில் தகரம். கட்டிடம் எழும்ப எழும்ப அவர்களுக்கு நாள் குறையும். ஜன்னலுக்குக் கண்ணாடி வந்துவிட்டால் அவள் பாத்திரங்களைக் கட்ட ஆரம்பிப்பாள். அடுத்தவர் வீடு முடிகிற சத்தம்தான் அவர்களுக்கு வீடு காலி செய்யச் சொல்கிற சத்தம்.

இப்படிப்பட்டவர்களிடம்தான் நீச்சல் மாஸ்டர் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார்.

மாஸ்டர் ஆயுள் முழுக்க அடுத்தவர் குளங்களில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர். தலைமுடி மருந்துத் தண்ணீரில் வெளுத்துச் செம்பட்டையாகிவிட்டது. ஓய்வு பெற்ற கையோடு, கால்வாயை ஒட்டிய பள்ளமான நிலம் ஒன்றை வாங்கி, சொந்தமாக நீச்சல் பள்ளி கட்ட இறங்கினார். ஒரு பக்கம் இடுப்பளவு, மறுபக்கம் ஆளை முழுங்குகிற ஆழம் என்று பெரிய தொட்டி வார்த்தாகிவிட்டது. தொட்டிக்குப் பின்னால் மோட்டார் அறை. அதை ஒட்டி ஒரு சின்ன அறை. நாலு பக்கமும் செங்கல் சுவர், கிழக்குப் பார்த்து ஒரு ஜன்னல்.

"எல்லாம் முடிஞ்சப்புறம் இங்கயே தங்கி, மோட்டார் போட்டு, தண்ணியச் சுத்தமா வெச்சுக்க ஒரு ஆள் வேணும் பெரியவரே" என்றார் மாஸ்டர். "தொட்டி நல்லபடியா நிக்கட்டும். நீங்க ரெண்டு பேருமே இருந்துக்கலாம், பாத்துக்கலாம்."

கொட்டகைக்கு வந்து சொன்னதும் அவள் அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள்.

"'பாக்கலாம்'னாரா, 'பாத்துக்கலாம்'னாரா?"

"பாத்துக்கலாம்னுதான்."

"சரியாக் கேட்டீங்களா? காதுல தண்ணி பூந்திருக்கப் போகுது."

"கேட்டேன்டி. இருந்துக்கலாம்னாரு. அப்புறம்தான் பாத்துக்கலாம்னாரு."

"அப்ப முக்கால்வாசி சரி" என்றாள். மறுபடி அடுப்பை ஊதினாள். புகை அவள் முகத்தில் அடித்தது. அன்றைக்கு அவள் புகையைத் திட்டவில்லை.

மறுவாரம் அவள் சந்தைப் பக்கம் போய் ஒரு துண்டுத் துணி வாங்கி வந்தாள். நீலத்தில் சின்னச் சின்ன மஞ்சள் பூ. ஓரத்தில் சாயம் கொஞ்சம் ஓடியிருந்ததால் ஒதுக்கிப் போட்டிருந்த துணி. அந்த ஜன்னலைச் சாணால் அளந்துவிட்டு வந்து கையாலேயே தைத்தாள். கதவு வைக்காத, பூச்சு பூசாத அந்த அறையில், ஜன்னல் கம்பியில் கயிறு கட்டித் துணியைத் தொங்கவிட்டாள். கட்டி முடியாத வீட்டுக்குத் திரை. பார்த்தவர்கள் சிரித்தார்கள். மாஸ்டரும் அந்தப் பக்கம் வந்தவர் நின்று பார்த்தார். "என்ன, செங்கல்ல பூ பூத்திருக்கு?" என்றார். கழற்றச் சொல்லவில்லை. அவளுக்கு அது பத்திரப் பதிவு மாதிரி. மீந்த துண்டை மடித்துக் கொட்டகைத் தகர இடுக்கில் செருகி வைத்தாள்.

தொட்டிதான் இனி வாழ்க்கை என்று ஆனபிறகு அவர் அதற்குத் தண்ணீர் காட்டிய விதமே வேறு. விடியுமுன் இறங்கினால், வெயில் சாயும்வரை உள்ளேயே கிடப்பார். சுவரெல்லாம் இரட்டைச் சாக்கு. மூலை திரும்புகிற இடங்களில் சாக்கு ஒட்டாது, அங்கே பழைய பஞ்சு வைத்துக் குச்சியால் முட்டுக்கொடுத்தார். காற்று அடிக்கிற பக்கம் சீக்கிரம் உலரும் என்று தகரத்தைச் சாய்த்து மறைவு கட்டினார். சாக்கின் மேல் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நிற்பார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. ஆழத்தில் நின்று அண்ணாந்தால் வானம் நீள்சதுரமாகத் தெரியும். அவர் பார்த்த வானங்களிலேயே ஓரம் வெட்டி நேர்செய்த வானம் அது ஒன்றுதான்.

ஒரு குறைதான் இருந்தது. ஆழப் பக்கத்துத் தரையில் தண்ணீர் நிற்கவில்லை. சாயங்காலம் முழங்காலளவு தேக்கிவிட்டுப் போனால் காலையில் தரை பல்லை இளித்துக்கொண்டு கிடக்கும். தேடிப் பார்த்தார். தரையின் நட்ட நடுவில், கைப்பிடி நுழைகிற அளவுக்குக் குழாய் வாய் ஒன்று திறந்திருந்தது. குனிந்து காது வைத்தால் கீழே சரளைக்கல்லில் தண்ணீர் நழுவுகிற சத்தம். இவர் ஊட்ட ஊட்ட அடியில் எவனோ உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. சூப்பர்வைசருக்குப் போன் போட்டார்.

சூப்பர்வைசர் இளவயதுக்காரன். பல இடங்களில் வேலை ஓடிக்கொண்டிருந்தது. எந்நேரமும் வண்டிமேல் இருந்தபடிதான் பேசுவான்.

"சார், ஆழப் பக்கம் தண்ணி நிக்க மாட்டேங்குது. வழிஞ்சு போயிடுது."

"நிக்கலேன்னா அடைச்சு நிறுத்துங்க பெரியவரே. இதுக்கெல்லாமா போன் பண்ணுவீங்க?"

"இல்ல சார், அடியில ஒரு குழாய்..."

"நீங்க பாக்காத தண்ணியா? உங்களுக்குத் தெரியாதா? வேலை முடியணும், அவ்வளவுதான்." வண்டிச் சத்தம் பேச்சை விழுங்கிவிட்டது.

அவர் அடைத்தார். கோணியை அடைத்துப் பார்த்தார், கசிந்தது. மனைவியிடம் நெருக்கமாக நெய்த துணி ஏதாவது கேட்டார். அவள் தகர இடுக்கிலிருந்து அந்த நீலத்துண்டை உருவிக் கொடுத்தாள்.

"நல்ல துணியாச்சே?"

"நம்ம குளத்துக்குத்தானே. குடுத்தாப் போகுது."

துணியைச் சுருட்டிக் குழாய் வாயில் திணித்து, மேலே சிமெண்ட் கலவையை அமுக்கி வழித்துவிட்டார். அந்தச் சின்ன வட்டத்துக்கும் தனியாக ஒரு ஈரச் சாக்கு போட்டு, பக்குவமாகத் தண்ணீர் காட்டினார். மறுநாள் காலை தண்ணீர் வைத்த அளவில் அப்படியே நின்றது. ஒரு இலை விழுந்து அதில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் விளிம்பில் நின்று, கோயில் குளத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

பூச்சு பூசி ஓடு பதிக்கிற ஆட்கள் வர நாள் குறித்ததும், தேக்கிய தண்ணீரை இறைத்து வெளியேற்றச் சொன்னார்கள். மோட்டார் வைத்து இறைத்தார். சாக்குகளை அவிழ்த்தபோது சுவர் சாம்பல் நிறத்தில், கீறல் ஒன்று இல்லாமல், தட்டினால் வெண்கலமாகக் கணீரென்றது. கொத்தனார்கூடத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல தலைய முட்டிக்கிட்டா தலைக்குத்தான் சேதம்" என்றான். அந்த வார்த்தையை அவர் கொட்டகைக்கு எடுத்துப்போய் மனைவிக்கும் ஒரு பங்கு கொடுத்தார்.

அதற்கப்புறம் மழை பிடித்துக்கொண்டது. பேய் மழை என்று சொல்ல முடியாது. விடாத மழை. தொட்டிக்குள் விழுந்ததை அவர் அவ்வப்போது மோட்டார் போட்டு இறைத்து, ஓடு பதிக்கிற ஆட்களுக்காகத் தரையைத் துடைத்தே வைத்திருந்தார். கால்வாய் நிரம்பி, நிலமெல்லாம் ஊறி, கால் வைத்த இடத்தில் தண்ணீர் பொங்கியது.

மழை விட்ட காலையில் அவர் பல் துலக்கியபடி தொட்டிப் பக்கம் போனார். முதலில் கண்ணில் ஒன்றும் தவறாகப் படவில்லை. ஏதோ ஒன்று உயரமாக இருக்கிறது என்று மட்டும் தோன்றியது. தரைமட்டத்துக்கு இருந்த ஆழப் பக்கத்து விளிம்பு, மண்ணைவிட்டு முழ உயரம் எழும்பி நின்றது. கட்டின படகு ஒன்று மூக்கைத் தூக்கிக்கொண்டு புறப்படத் தயாராக இருப்பது போல. மோட்டார் அறைக்குப் போகிற குழாய்கள் இழுபட்டு முறிந்து கிடந்தன. ஆழமும் ஆழமில்லாததும் சேருகிற சரிவில், சுவருக்குச் சுவர், கை நுழைகிற வெடிப்பு. அதன் வழியாகச் செம்மண் தண்ணீர் அமைதியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அவர் வாயிலிருந்த நுரை அப்படியே காய்ந்தது.

மாஸ்டர் வந்தார். சூப்பர்வைசர் வந்தான். கொத்தனார்கள் கும்பலாக நின்றார்கள்.

"அடியில ஒரு குழாய் விட்டிருந்தேனே!" என்று சூப்பர்வைசர் தலையைப் பிடித்துக்கொண்டான். "பூமித் தண்ணி ஏறினா அது வழியா உள்ள வந்துடும், தொட்டி அசையாது. அதுக்குன்னே விட்ட குழாய். அது திறந்திருக்கிறவரைக்கும் இப்படித் தூக்கவே தூக்காது!" தொட்டிக்குள் இறங்கினான். கடப்பாரையால் கொத்தினான். சிமெண்ட் மூடி லேசில் பெயரவில்லை. பெயர்ந்ததும் உள்ளேயிருந்து தண்ணீர் பீறிட்டது. அதோடு ஒரு துணியும் வெளியே வந்து விழுந்தது. அவன் அதைக் கடப்பாரை நுனியால் தூக்கிப் பிடித்தான். மண்ணும் சிமெண்ட்டும் ஒட்டிய நீலத்தில் மஞ்சள் பூ.

"எவன் வேலை இது?"

அவர் மனைவி கும்பலின் கடைசியில் நின்றாள். மற்றவர்கள் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் அவளைப் பார்த்தார். அவள் சத்தமில்லாமல் பின்வாங்கி, மோட்டார் அறைப் பக்கம் நடந்தாள். ஜன்னல் கம்பியிலிருந்து திரையை ஒரே இழுப்பில் இழுத்தாள். கயிறு அறுந்தது. துணியைச் சுருட்டி மாராப்புக்குள் வைத்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவள் போலத் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றாள். அவள் ஆயுளில் செய்த ஒரே திருட்டு, தன் பொருளைத் தானே திருடியது.

அதைப் பார்த்தபிறகு அவரால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை.

"நான்தான் சார் அடைச்சேன். நீங்கதானே அடைச்சு நிறுத்தச் சொன்னீங்க?"

"தண்ணிய நிறுத்தச் சொன்னேன். இந்தக் குழாயவா அடைக்கச் சொன்னேன்?"

"குழாய்னு சொன்னேனே சார், வண்டிச் சத்தத்துல..."

"என்கிட்ட ஒரு வார்த்தை நேர்ல கேட்டிருக்கக் கூடாதா?" அவன் குரல் உடைந்தது. பேசி என்ன ஆகப் போகிறது? இரண்டு பேர் சொல்வதிலும் பொய் இல்லை. தொட்டி மட்டும் மிதந்துவிட்டது.

வெடிப்பை அடைத்துச் சரிசெய்துவிடலாம், உள்ளே தண்ணீர் நிரப்பினால் பாரத்தில் கீழே உட்கார்ந்துவிடும் என்று சூப்பர்வைசர் ஏதேதோ சொல்லிப் பார்த்தான்.

"கடப்பாரைய முழுங்குனவனுக்குச் சுக்குக் கஷாயமா?" என்றார் மாஸ்டர். விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டிருந்தார், தண்ணீரில் இறங்கப் போகிறவர் மாதிரி. "வாழ்க்கை பூரா மனுஷங்கள மிதக்கச் சொல்லிக் குடுத்தேன். ஒருத்தனும் லேசுல மிதந்ததில்ல. இது யாரும் சொல்லிக் குடுக்காமலே மிதந்திருச்சு." யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கச் சொல்லவில்லை. எழுந்து போகும்போது தவளையின் கோணல் தோளில் ஒரு முறை கை வைத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

இன்னொரு தொட்டி வார்க்க மாஸ்டருக்குத் தெம்பில்லை. இதை உடைத்து, குழியைத் தூர்த்து, நிலத்தை வண்டி நிறுத்த வாடகைக்கு விடுவதென்று ஆயிற்று. மோட்டார் அறையும் அதன் பக்கத்து அறையும் அதற்கு இடைஞ்சல். அவற்றை முதலில் இடித்தார்கள். ஜன்னல் ஒரு அடியில் விழுந்தது.

உடைக்கிற ஆட்கள் இயந்திரத்தோடு வந்தார்கள். துளைத்து இடிக்கும்போது புழுதி கிளம்பியது. பக்கத்து வீடுகளிலிருந்து சத்தம் போட்டார்கள். புழுதி அடங்கத் தண்ணீர் அடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது.

"அந்தத் தவளைப் பெரியவரு இன்னும் கொட்டகையிலதானே இருக்காரு?" என்றான் சூப்பர்வைசர், தரையைப் பார்த்தபடி.

அவர் குழாயை எடுத்துக்கொண்டு இறங்கினார். வளர்க்க ஊற்றிய கையாலேயே உடைக்கவும் ஊற்றினார். இயந்திரம் அலறியது. உளி துள்ளித் துள்ளி வழுக்கியது. உடைப்பவர்களின் தலைவன் மூச்சு வாங்க நிறுத்திவிட்டு, கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினான்.

"எவன்யா இதுக்குத் தண்ணி ஊத்துனது? பாறைய ஒடச்சிருக்கேன், இப்படி ஒரு சனியன ஒடச்சதில்ல!"

பக்கத்தில் நின்றவன் முழங்கையால் அவனை இடித்து, கண்ணால் பெரியவரைக் காட்டினான். தலைவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "நீங்களா அண்ணே? ஏண்ணே, எங்க மேல என்ன கோபம் உங்களுக்கு?" என்று சிரித்துச் சமாளித்துவிட்டு மறுபடி கண்ணாடியை இறக்கினான்.

இத்தனை கால வேலையில் அவர் ஊற்றிய தண்ணீரைப் பற்றி முன்பின் தெரியாத ஒருவன் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் குழாயை மற்ற கைக்கு மாற்றினார். அந்தக் கை சரியாக எழாது என்பது மாற்றிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மத்தியானம் கொட்டகைக்குப் போனார். மனைவி பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பை நீலத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள். மஞ்சள் பூக்களில் கரி ஏறியிருந்தது.

"எப்ப முடியுமாம்?"

"தெரியல. ரொம்பக் கெட்டியா இருக்குதாம். இன்னும் இழுக்கும் போல."

அவள் முடிச்சை இன்னொரு சுற்று இறுக்கினாள்.

"அதுவரைக்கும் கொட்டகையப் பிரிக்க மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க."

"இன்னும் கொஞ்சம் கெட்டியா ஊத்தியிருக்கலாம் நீங்க" என்றாள். கோபமாகவும் இல்லை, விளையாட்டாகவும் இல்லை. போட்ட முடிச்சை அவிழ்த்து அடுப்பை வெளியே எடுத்து, பற்றவைத்தாள். தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

குடித்துவிட்டு அவர் மறுபடி இறங்கினார். உடைப்பவர்கள் சரிவில் இருந்தார்கள். அவர் குழாய் புழுதியைவிட்டு மெல்ல விலகி, இன்னும் யாரும் தொடாத ஆழப் பக்கத்து மூலைச் சுவருக்குப் போயிற்று. அங்கே வெயில் நேராக விழுந்து சுவர் வெளுத்திருந்தது.

"அண்ணே, அங்க எதுக்கு? இங்க அடிங்க, கண்ணு தெரியல!" என்று கத்தினான் தலைவன்.

"இதோ வந்துட்டேன்" என்றார் அவர். அந்த மூலை முழுக்க நனைகிறவரை வரவில்லை.